இரண்டு காசுப் புத்தகம்: ரெக்லாம் பதிப்பகம், அன்றும் இன்றும்

1867 நவம்பர் 9-ஆம் தேதிக்காக ஜெர்மன் பதிப்பாளர்கள் பலர் பதினோரு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1837 நவம்பர் 9-க்கு முன் காலமான எழுத்தாளர்களின் நூல்களுக்கு இருந்த பதிப்புரிமை அந்த நாளோடு முடிந்துவிடும் என்று ஜெர்மன் கூட்டமைப்பு 1856-லேயே தீர்மானம் போட்டிருந்தது. கதே இறந்தது 1832-ல். ஷில்லர் 1805-ல். லெஸ்ஸிங் அதற்கும் முன்பே, 1781-ல். ஜெர்மன் இலக்கியத்தின் முதல் வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் பொதுச்சொத்தானார்கள். அதுவரை கதேயும் ஷில்லரும் பெரும்பாலும் கோட்டா என்ற ஒரு பதிப்பகத்தின் பிடியில் இருந்தார்கள். அங்கே வைத்ததுதான் விலை. வசதியான வீட்டு அலமாரிகளில் தோல் அட்டை போட்டு வரிசையாக நின்ற அந்தப் புத்தகங்களைக் கூலி வேலை செய்பவரோ கிராமத்து வாத்தியாரோ தொட்டுப் பார்ப்பதே அரிது.

மறுநாள், நவம்பர் 10 அன்று, லைப்சிக் நகரத்து அந்தோன் பிலிப் ரெக்லாம் தன் புதிய வரிசையை வெளியிட்டார். பெயர் உனிவர்சால் பிப்லியோதேக். கதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தின் முதல் பாகத்துக்கு எண் 1, இரண்டாம் பாகத்துக்கு எண் 2, லெஸ்ஸிங்கின் ‘ஞானி நாதன்’ எண் 3. ஒவ்வொன்றின் விலையும் இரண்டு சில்பர்குரோஷன், அதாவது இரண்டு சின்ன வெள்ளிக் காசு. ‘ஃபவுஸ்ட்’ முதலில் 5000 பிரதிகள் அச்சானது. சில வாரங்களுக்குள் மறுபதிப்பு போடவேண்டி வந்தது.

அந்த நாளை எதிர்பார்த்து வேறு பல பதிப்பாளர்களும் மலிவு வரிசைகளைத் தயாராக வைத்திருந்தார்கள். அவற்றின் பெயர்களை இன்று நூலக வரலாற்று ஆசிரியர்களைத் தவிர யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ரெக்லாம் வரிசை மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. எப்படி நின்றது, எதைக் காப்பாற்றியது, எதை இழந்தது என்று பார்ப்பது புத்தகத்தின் மேல் பிரியம் உள்ள எவருக்கும் பயன் தரும்.

அன்றைக்கு ரெக்லாமுக்கு அறுபது வயது. திடீரென்று வந்து குதித்தவர் இல்லை. 1807-ல் லைப்சிக்கில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். பிரவுன்ஷ்வைக் நகரில் உறவினரின் பதிப்பகத்தில் தொழில் கற்றார். இருபது வயதில், அப்பாவிடம் 3000 தாலர் கடன் வாங்கி, ‘இலக்கிய மியூசியம்’ என்ற பெயரில் நடந்துவந்த ஒரு வாடகை நூலகத்தையும் வாசகசாலையையும் விலைக்கு வாங்கினார். அது 1828 ஏப்ரல். அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி பதிப்பகமும் தொடங்கியாயிற்று. பத்திரிகை படிக்கவும் அரசியல் பேசவும் இளைஞர்கள் கூடும் இடமாக அந்த வாசகசாலை இருந்தது. மன்னராட்சிகளின் தணிக்கை கழுத்தை நெரித்த காலம் அது. ரெக்லாம் அச்சிட்ட அரசியல் நூல்களைப் பொறுக்காமல் ஆஸ்திரிய அரசு 1846-ல் அவருடைய வெளியீடுகளுக்கே தடை போட்டது. மதபீடங்களைக் கேள்வி கேட்ட தாமஸ் பெய்னின் ‘பகுத்தறிவின் காலம்’ நூலை ஜெர்மனில் கொண்டுவந்ததற்காக நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

மலிவுப் பதிப்பு என்றதும் லாபக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இந்த முன்கதையை விட்டுவிடக் கூடாது. வாடகை நூலகம் நடத்தியவருக்குப் படிக்கும் ஆசை யாரிடம் இருக்கிறது, பணம் யாரிடம் இல்லை என்பது நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த அறிவுதான் பின்னால் வரிசையாக உருவெடுத்தது என்பது என் எண்ணம்.

தொழில்நுட்பத்திலும் அவர் கெட்டிக்காரர். 1839-லேயே ஓர் அச்சகத்தை வாங்கிவிட்டார். எழுத்துகளைக் கோத்து ஒருமுறை பக்கம் கட்டியதும் அதற்கு அச்சு எடுத்து, உலோகத்தில் வார்த்த தகடாக்கி வைத்துக்கொள்ளும் முறையைக் கையாண்டார். கோத்த எழுத்துகளைப் பிரித்து அடுத்த புத்தகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தகடுகள் கிடங்கில் கிடக்கும். ஒரு நூல் தீர்ந்துபோனால் மறுபடி எழுத்துக் கோக்க வேண்டாம், தகடுகளை ஏற்றி ஓட்டினால் போதும். தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக அச்சிட்டுக்கொள்ளலாம். இருப்பில் பணம் முடங்காது. இதை அவர் ஷேக்ஸ்பியரை வைத்துப் பழகிப் பார்த்தார். 1850-களின் இறுதியில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த மலிவுப் பதிப்பு நன்றாகப் போனது. பிறகு 1865-ல் அதே நாடகங்களைத் தனித்தனியாக, ஒன்று இரண்டு சில்பர்குரோஷன் என்று விற்றார். மொத்தமாக வாங்க முடியாதவர்களும் ஒரு ‘ஹாம்லெட்’ வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த பெரிய வரிசைக்கு இதுவே ஒத்திகை.

விலையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஓர் எண் என்றால் ஒரு விலை. கொஞ்சம் தடித்த புத்தகமானால் இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளும், இன்னும் தடித்தால் மூன்று, நான்கு. எண்களை எண்ணினால் விலை தெரிந்துவிடும். கடைக்காரரிடம் ஆசிரியர் பெயரைச் சொல்லத் தயங்குபவர்கூட எண்ணைச் சொல்லி வாங்கலாம். ஜெர்மனி ஒரே நாடாகி மார்க் நாணயம் வந்தபோது இரண்டு சில்பர்குரோஷன் இருபது ஃபெனிக் ஆனது. அதற்குப் பிறகும் விலை அசையவில்லை. 1917 வரை, ஐம்பது ஆண்டுகள், ஓர் எண் இருபது ஃபெனிக்தான். ஒரு பொருளின் விலையை அரை நூற்றாண்டு ஏற்றாமல் வைத்திருந்த பதிப்பாளர் குடும்பம் உலகில் வேறு எங்கே இருந்திருக்கும் என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாடுதான் அந்த விலையை உடைத்தது.

இருபது ஃபெனிக்குக்கு என்னென்ன கிடைத்தது? ஷில்லரின் ‘வில்ஹெல்ம் டெல்’ கிடைத்தது. அது எண் 12. வரிசையில் மிக அதிகமாக விற்ற நூல்களில் ஒன்று. கிரேக்க நாடகங்கள், கான்ட், ஷோப்பன்ஹவர், ருஷ்ய நாவல்கள், ஓபரா நாடக வசனங்கள், சட்டப் புத்தகங்கள். ழான் துஃப்ரேன் எழுதிய சிறிய செஸ் கையேடு இந்த வரிசையில் 1881-ல் வந்து, தலைமுறை தலைமுறையாக ஜெர்மானியருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது. காளிதாசனின் சாகுந்தலமும் உண்டு. உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிக்காமல், மனிதர்கள் எதையெல்லாம் படிக்க விரும்புவார்களோ அதையெல்லாம் ஒரே அளவில், ஒரே விலைக் கணக்கில், ஒரே அட்டையில் வைத்தார்கள்.

இந்த மலிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இப்ஸனின் நாடகங்களை ஜெர்மன் மக்களிடம் கொண்டுபோனதில் ரெக்லாமுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ‘பொம்மை வீடு’ வில்ஹெல்ம் லாங்கேயின் மொழிபெயர்ப்பில் ‘நோரா’ என்று வந்து வீடுவீடாகப் பரவியது. ஆனால் நார்வேக்கும் ஜெர்மனிக்கும் இடையே அப்போது பதிப்புரிமை ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஜெர்மனியில் தன் நாடகத்தை யார் எப்படி மாற்றினாலும் இப்ஸனால் தடுக்க முடியாத நிலை. நாயகி நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டுப் போவதாக நடிக்க ஒரு பிரபல ஜெர்மன் நடிகை மறுத்தபோது, வேறு யாரோ கையில் சிக்கிச் சிதைவதைவிட நானே மாற்றித் தருகிறேன் என்று இப்ஸனே மனமில்லாமல் வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். வாசகருக்கு மலிவாகக் கிடைத்த எழுத்தில் ஒரு பகுதி, உயிரோடு இருந்த எழுத்தாளருக்கு உரிய பணம் போகாத எழுத்து. ரெக்லாமைப் போற்றும் கட்டுரைகள் இதை விரைவாகக் கடந்துபோகின்றன. போற்றுவதோடு இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இதெல்லாம் நடந்த இடம் லைப்சிக் என்பது தற்செயல் அல்ல. ஜெர்மன் புத்தக வணிகர்களின் சங்கம் 1825-ல் அங்கேதான் தொடங்கியது. பிராக்ஹவுஸ், பிரைட்கோப்ஃப் உண்ட் ஹெர்ட்டெல், தவுக்னிட்ஸ், இன்செல் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அந்த ஊர். நகரத்தின் கிழக்குப் பகுதியில் அச்சகம், வார்ப்படச் சாலை, பைண்டிங் பட்டறை, பதிப்பகம் என்று தெருத்தெருவாக ஒரே தொழில். நமக்கும் அந்த ஊரோடு ஓர் உறவு உண்டு. லைப்சிக் மிஷனின் தலைவராக இருந்து, தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்ற கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856-ல் லைப்சிக்கில்தான் அச்சிட்டார். ரெக்லாமின் வெளியீடு அல்ல அது, அதே ஊரின் வேறொரு பதிப்பகத்தினுடையது. ரெக்லாம் நிறுவனம் 1887-ல் இன்செல் தெருவில் எழுப்பிய பெரிய கட்டிடம், பின்னால் விரிவாக்கப்பட்டு, அந்த அச்சுப் பேட்டையின் அடையாளங்களில் ஒன்றாக நின்றது. நிறுவனர் 1896-ல் எண்பத்தெட்டு வயதில் காலமானார். மகன் ஹான்ஸ் ஹைன்ரிஷ் பொறுப்பை ஏற்றார்.

அன்றைய ரெக்லாமை ஒரே பொருளில் பார்க்க வேண்டுமென்றால் புத்தக எந்திரத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் ரயில் நிலையங்களில் காசு போட்டால் சாக்லேட் விழும் எந்திரங்கள் அப்போதே பிரபலம். அதே முறையில் புத்தகம் விற்றால் என்ன என்று 1912-ல் இறங்கினார்கள். வடிவமைத்தவர் பீட்டர் பேரென்ஸ். ஏ.இ.ஜி. மின் நிறுவனத்தின் ஆலைக் கட்டிடத்திலிருந்து மின்விசிறி, தேநீர்க் கெண்டி வரை வரைந்து கொடுத்த பெரிய கட்டிடக் கலைஞர். ஆளுயர அலமாரி. முன்பக்கம் கண்ணாடி. உள்ளே அடுக்கியிருக்கும் புத்தகங்களின் முகப்பு கண்ணாடி வழியே தெரியும். வேண்டியதைப் பார்த்துக் காசு போட்டு எடுத்துக்கொள்ளலாம். ரயில் நிலையம், மருத்துவமனை, படைமுகாம், கப்பல் என்று வைத்தார்கள். 1917-க்குள் ஏறக்குறைய 2000 எந்திரங்கள்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரயில் வர அரைமணி நேரம் இருக்கிறது. கடைக்காரர் இல்லை, படிப்பாளி இல்லை, எதை வாங்க வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. சட்டைப்பையில் இருபது ஃபெனிக் இருக்கிறது. சாக்லேட் வாங்கும் காசுக்கு ஒரு சிறுகதைத் தொகுதி. ஆலைத் தொழிலாளி, வீட்டு வேலைக்குப் போகும் பெண், விடுப்பில் ஊர் போகும் சிப்பாய் என்று யார் வேண்டுமானாலும் அந்தக் கண்ணாடி முன் நிற்கலாம். போர்க்காலத்தில் நூறு சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டி ஒன்றைத் தயாரித்துப் போர்முனைக்கும் அனுப்பினார்கள். வாசகர் புத்தகத்தைத் தேடி வருவார் என்று காத்திருக்காமல், மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கும் இடமெல்லாம் புத்தகத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எந்திரங்கள் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1940 வாக்கில் மறைந்துவிட்டன.

இன்று ரெக்லாம் இருப்பது லைப்சிக்கில் இல்லை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் டிட்சிங்கன் என்ற சிறு நகரத்தில். ரயில் நிலையத்தில் ஒரு ஜெர்மானியரை நிறுத்தி ரெக்லாம் என்றால் என்ன நினைவு வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்.

இன்றைய புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நீளம் 14.8 சென்டிமீட்டர், அகலம் 9.6. சட்டைப்பையில் அடங்கும். அட்டை கண்ணைப் பறிக்கும் மஞ்சள். இந்த மஞ்சள் ஆதியிலிருந்தே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது 1970-ஐ ஒட்டி வந்தது. ஜெர்மன் மொழியில் மட்டும் உள்ள நூல்களுக்கு மஞ்சள். பிறமொழி மூலத்தையும் ஜெர்மன் பெயர்ப்பையும் எதிரெதிர்ப் பக்கங்களில் தரும் பதிப்புக்கு ஆரஞ்சு. ஆங்கிலமோ பிரெஞ்சோ மூலத்தை அப்படியே வைத்து, பக்கத்தின் அடியில் கடினச் சொற்களுக்குப் பொருள் தருவதற்குச் சிவப்பு. விளக்கங்களுக்கும் ஆவணங்களுக்கும் பச்சை. நம் ஊரில் நோட்ஸ் என்போமே, அந்த வகைப் படிப்புத் துணைக்கு நீலம். நிறத்தைப் பார்த்தாலே மாணவர் எது எதற்கென்று கண்டுபிடித்துவிடுவார்.

உள்ளே திறந்தால் சிறிய, ஆனால் தெளிவான எழுத்து. 2012-ல் ஃபிரீட்ரிஷ் ஃபோர்ஸ்மன் என்ற நூல் வடிவமைப்பாளர் முழு வரிசைக்கும் புதிய தோற்றம் கொடுத்தார். பள்ளியில் படிக்கும் நூல்களின் ஓரத்தில் ஐந்து வரிக்கு ஓர் எண் ஓடுகிறது. வகுப்பில் ஆசிரியர் பக்கத்தையும் வரியையும் சொன்னால் அத்தனை பேரும் ஒரே இடத்தைத் திறக்கிறார்கள். பின்பக்கம் குறிப்புகள், பழஞ்சொற்களுக்கு விளக்கம், ஒரு பின்னுரை. எந்த மூலப் பதிப்பைப் பின்பற்றியிருக்கிறார்கள், எழுத்துமுறையில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அட்டையின் வெற்று மஞ்சள் மாணவர்களின் பேனாவுக்குப் பெரிய அழைப்பு. தலைப்பின் எழுத்துகளைச் சேர்த்தும் மாற்றியும் வேறு தலைப்பாக்குவதும், அட்டை முழுக்கப் படம் வரைவதும் ஜெர்மன் வகுப்பறைகளில் ஒரு மரபே ஆகிவிட்டது. பதிப்பகமும் அதை ரசிக்கிறது.

புத்தகத்தின் தரத்தில் இன்று அன்றைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தகடுகளில் ஒரு பிழை ஏறிவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் அச்சாகிக்கொண்டே இருக்கும். விரிவான குறிப்புக்கு இடம் கிடையாது. மொழிபெயர்ப்புகளும் ஒரே சீராக இருந்ததில்லை. இன்று அந்தப் பின்னுரைகளை எழுதுபவர்கள் அந்தந்தத் துறையில் பேர் சொல்லும் அறிஞர்கள். விலையோ இன்னும் சில யூரோக்களுக்குள் அடங்குகிறது. பெரும்பாலான மெல்லிய மஞ்சள் புத்தகங்களை ஒரு கோப்பைக் காப்பியின் காசுக்கு வாங்கிவிடலாம். பதிப்பாளர் வைத்த விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது என்ற ஜெர்மன் சட்டமும் சிறு கடைகளைக் காப்பாற்றி, இந்தச் சிறு புத்தகங்களுக்கு ஊர்தோறும் ஓர் அலமாரியை மிச்சம் வைத்திருக்கிறது.

அன்றிலிருந்து இன்றுக்கு வந்த வழி நேரானதல்ல. 1928 அக்டோபர் 1 அன்று பதிப்பகத்தின் நூற்றாண்டு விழாவில், லைப்சிக்கில், தாமஸ் மன் உரையாற்றினார். அவருடைய ‘டிரிஸ்டன்’ கதையும் அந்த வரிசையில் வந்திருந்தது. மறு ஆண்டு அவருக்கு நோபல் பரிசு. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில நாட்களுக்குள் அவர் நாட்டைவிட்டுப் போனவர், திரும்ப முடியவில்லை. 1936-ல் குடியுரிமையும் பறிபோனது. யூத எழுத்தாளர்களின் நூல்களும் ஆட்சிக்கு ஆகாதவர்களின் நூல்களும் ரெக்லாம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஹைனே போனார், ஸ்டெஃபான் ஸ்வைக் போனார், மன் போனார். கொடுங்கோலனைக் கொல்லும் கதை என்பதால் ‘வில்ஹெல்ம் டெல்’ நாடகத்தையே 1941-ல் மேடைகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் ஹிட்லர் விலக்கச் சொன்னார்.

அதே சமயத்தில் ரெக்லாமின் அட்டை வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. நாட்டைவிட்டு ஓடிய எதிர்ப்பாளர்கள் வெளிநாட்டில் அச்சிட்ட துண்டு நூல்களை, யாரும் சந்தேகப்படாத தோற்றத்தில் ஜெர்மனிக்குள் கடத்தினார்கள். நாடாளுமன்றத் தீவைப்பையும் நாஜிக்களின் கொடுமைகளையும் அம்பலப்படுத்திய ‘பழுப்பு நூல்’, கதேயின் ‘ஹெர்மனும் டோரோதேயாவும்’ என்ற ரெக்லாம் அட்டைக்குள் நுழைந்தது. கையில் பிடிபட்டால் உயிர் போகும் எழுத்து. கோடிக்கணக்கான பைகளில் இருந்த சாதாரணப் புத்தகம் மாதிரி இருந்ததால்தான் எல்லை தாண்ட முடிந்தது. பதிப்பகத்துக்கு இதில் பங்கு ஒன்றும் இல்லை, அந்த அட்டை அவ்வளவு வீடுகளில் இருந்தது என்பதற்கு இது சாட்சி.

1943 டிசம்பர் 4 அதிகாலையில் பிரிட்டிஷ் விமானங்கள் லைப்சிக்கின் மீது குண்டு பொழிந்தன. அச்சுப் பேட்டை எரிந்தது. ரெக்லாமின் கிடங்கில் மட்டும் ஏறக்குறைய 450 டன் புத்தகம் சாம்பலாயிற்று. போருக்குப் பின் மிஞ்சிய எந்திரங்களில் பெரும்பகுதியைச் சோவியத் படையினர் இழப்பீடாகக் கழற்றிச் சென்றனர். 1945 கோடையில் லைப்சிக்கைச் சோவியத் வசம் ஒப்படைக்கும் முன்பே அமெரிக்கர்கள் சில பதிப்பாளர்களை மேற்கே வீஸ்பாடனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நிறுவனரின் பேரன் எர்ன்ஸ்ட் ரெக்லாம் அப்போது போகவில்லை. 1947-ல் ஸ்டுட்கார்டில் ஒரு கிளையைத் தொடங்கி, 1950-ல் அவரும் மேற்கே போய்ச் சேர்ந்தார். 1980-ல் பதிப்பகம் டிட்சிங்கனுக்கு மாறியது.

நாடு இரண்டாகப் பிரிந்திருந்த நாற்பது ஆண்டுகளும் ஒரே பெயரில் இரண்டு ரெக்லாம்கள். மேற்கில் குடும்பத்தின் ரெக்லாம். கிழக்கில், பழைய ஊரில், அரசின் மேற்பார்வையில் இன்னொரு ரெக்லாம். இரண்டுக்கும் வரிசையின் பெயர் ஒன்றே. கிழக்குப் பதிப்பகத்தை 1961 முதல் 1987 வரை நடத்திய ஹான்ஸ் மார்க்வார்ட்டின் காலத்தில் அது உலக இலக்கியத்துக்கு ஒரு சன்னலாக இருந்தது. காகிதம் மட்டம், தணிக்கை பலம். ஆனாலும் வெளிவந்த சில நூல்கள் கடைக்கு வந்த அன்றே தீர்ந்துபோகும். பழகிய வாடிக்கையாளருக்கு மட்டும் கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். மேற்கில் மாணவர் கட்டாயத்துக்கு வாங்கிய காலத்தில், கிழக்கில் அதே பெயர் கொண்ட புத்தகத்துக்குப் பெரியவர்கள் சிபாரிசு தேடினார்கள். படிக்கும் பசியைப் பொறுத்தவரை நிறுவனரின் நாட்களுக்கு அருகில் இருந்தது லைப்சிக் ரெக்லாம்தான் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பசியைப் பற்றாக்குறை வளர்த்தது என்பதும் உண்மை, அதற்காகப் பற்றாக்குறையை யாரும் விரும்ப முடியாது.

நாடு ஒன்றானபின் இரண்டு பதிப்பகங்களும் ஒரே குடும்பத்தின் கீழ் வந்தன. 1992-ல் லைப்சிக் கிளைக்கு ஒரு பெரிய வெற்றி கிடைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய ராபர்ட் ஷ்னைடரின் ‘தூக்கத்தின் சகோதரன்’ நாவலை அவர்கள் வெளியிட்டார்கள். பல மொழிகளுக்குப் போய், திரைப்படமும் ஆனது. அப்படியும் கிளை நிலைக்கவில்லை. 2006-ல் மூடினார்கள். 178 ஆண்டுகளுக்குப் பின் ரெக்லாம் பிறந்த ஊரில் ரெக்லாம் இல்லை. இன்செல் தெருக் கட்டிடம் புதுப்பிக்கப்பட்டு வேறு காரியங்களுக்குப் போயிற்று.

இன்றைய ரெக்லாமுக்கு எதிரே நிற்கும் போட்டி வேறு. பதிப்புரிமை முடிந்த ஜெர்மன் நூல்கள் பெரும்பாலும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. இரண்டு காசு விலையை வெல்ல அன்று யாராலும் முடியவில்லை, இன்று பூஜ்யம் அதை வென்றிருக்கிறது. பதிப்பகம் மின்னூலும் விற்கிறது. ஆனாலும் மஞ்சள் புத்தகம் வாங்கப்படுவதற்குக் காரணம் வரி எண்ணும் குறிப்பும் நம்பகமான பாடமும். வகுப்பறைக்கு இவை மூன்றும் வேண்டும்.

சட்டமும் நீண்டுவிட்டது. அன்று ஆசிரியர் இறந்து முப்பது ஆண்டு. 1965 முதல் ஜெர்மனியில் எழுபது ஆண்டு. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் சிலர் பொதுச்சொத்தாகிறார்கள். 1942-ல் பிரேசிலில் உயிரை மாய்த்துக்கொண்ட ஸ்வைக் 2013-ல் விடுபட்டார். அன்று பட்டியலிலிருந்து துரத்தப்பட்டவரின் ‘சதுரங்கக் கதை’ இன்று மஞ்சள் அட்டையில் பள்ளிப் பையில் இருக்கிறது. 1955-ல் காலமான தாமஸ் மன்னுக்கு அந்த நாள் 2026 ஜனவரி 1.

அன்றைய ரெக்லாம் எவரையும் நம்பி அச்சிட்டது. இன்றைய ரெக்லாம் முக்கியமாகப் பாடத்திட்டத்தை நம்பி அச்சிடுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பள்ளி இல்லையென்றால் இந்த வரிசை என்றோ நின்றிருக்கும். ஆனால் கட்டாயத்துக்கு வாங்கிய புத்தகத்தைப் பலர் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். ரயில் நிலையத்துக் கண்ணாடி முன் நின்று தானாகத் தேர்ந்தெடுத்தவர் அப்படி மறந்திருக்க மாட்டார். எனக்கு மீண்டும் வேண்டும் என்று தோன்றுவது அந்த எந்திரம்தான். இன்று நிலையங்களில் பானமும் நொறுக்குத்தீனியும் விற்கும் எந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒரு தட்டைப் புத்தகத்துக்கு விட்டால் இடம் குறைந்துவிடாது.

2018-ல் லைப்சிக்கில், பழைய கட்டிடத்தை ஒட்டிய குரோய்ட்ஸ் தெருவில், ஆர்வலர்கள் ஒரு சிறிய ரெக்லாம் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆயிரக்கணக்கான தொகுதிகள் அங்கே இருக்கின்றன. அந்த ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம்மவர்கள் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

ஜெர்மன் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். தேர்வுக்கான பயிற்சிப் புத்தகங்களை முடித்து இடைநிலையைத் தாண்டியவர்கள் ஒரு மஞ்சள் புத்தகம் வாங்கிப் பாருங்கள். ஸ்வைக்கின் ‘சதுரங்கக் கதை’ நல்ல தொடக்கம். சிறியது, மொழி தெளிவானது, செஸ் நமக்குப் பழகிய ஆட்டம். யாரும் பாடமாக வைக்காமல், தேர்வு இல்லாமல், நீங்களாக எடுத்துப் படியுங்கள்.